முதல் பெட்டியில் அப்பா

காட்டுப்பாக்கம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோமளா எழுதுகிறேன். இங்கே நான், ஸ்ரீநாத், ரோஷினி மூவரும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? புது மெஷின் ஒத்துக்கொண்டதா, இல்லை இன்னும் விசில் அடிக்கிறதா?

தாளில்தான் எழுதவேண்டும் என்று நீ அடம்பிடித்தது நல்லதாகப் போயிற்று. போனில் அனுப்பினால் அகல்யா அதை உனக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரருக்கும் நம் குடும்ப விஷயம் தெரிந்துவிடுகிறது. மருமகளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. தாளில் எழுதும்போது நடுவில் நிறுத்தி யோசிக்க முடிகிறது.

ஒரு சின்ன உதவி. அப்பா தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'என்' போடுவாரா, இரண்டா? என் சான்றிதழ்களில் வெறும் 'கே' தான் இருக்கிறது. அவருடைய தாள்கள் எல்லாம் உன் டிரங்குப் பெட்டியில்தானே. ஆபீஸில் ஒரு படிவத்துக்காகக் கேட்கிறேன். அவசரமில்லை.

பிரசன்னாவையும் அகல்யாவையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை
கோமளா


புனே
14 பிப்ரவரி 2025

அன்பான கோமளாவுக்கு அக்கா சரசாவின் ஆசிகள்.

உன் கடிதம் ஐந்தாம் நாள் வந்தது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். மெஷின் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. இப்போது குக்கர் விசிலும் கேட்பதில்லை. அகல்யா இரண்டு தடவை சாதம் தீய்ந்ததற்கு என்னைப் பார்த்தாள்.

பெட்டியைத் திறந்தேன். பேங்க் பாஸ்புக்கில் ஒரு 'என்'. கம்பெனி அட்டையில் இரண்டு. அவர் கையெழுத்திலும் இரண்டு. இரண்டென்றே போடு. அவர் போட்டதுதானே சரி.

அட்டையில் இருக்கிற போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். போட்டோவிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார். என்னை 'பெருசு', உன்னை 'சின்னது'. பெயர் வைத்ததோடு சரி, நம் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எனக்கு ஞாபகமில்லை.

உனக்குக் கல்யாணம் ஆகி இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. எந்த ஆபீஸ் இப்போது அப்பா பெயரைக் கேட்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சரசா


அம்பத்தூர்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பெயரும் கிடைத்தன. நலமாக இருக்கிறேன். பேனா மாறியிருப்பதைக் கண்டு கவலைப்படாதே, பழையது பஸ்ஸில் விழுந்துவிட்டது.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். எந்த ஆபீஸும் கேட்கவில்லை. எனக்கு ஆபீஸே இல்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவையே மூடிவிட்டார்கள். பத்தொன்பது வருஷம். கேக் வெட்டினார்கள்.

இப்போதெல்லாம் விண்ணப்பம் தபாலில் போவதில்லை. வேலை தேடுகிறவர்களுக்கென்று ஒரு இணையதளம் இருக்கிறது. அதில் நம் பெயரில் ஒரு பக்கம் திறந்து, போட்டோ போட்டு, என்ன படித்தோம், என்ன கிழித்தோம் என்றெல்லாம் எழுதி வைக்கவேண்டும். ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். பக்கம் இல்லாத ஆள், இல்லாத ஆள்.

பெயருக்கு இரண்டு பெட்டி. இரண்டாவதைக் காலியாக விட்டால் ஏற்கவில்லை. 'கே' என்று ஒற்றை எழுத்துப் போட்டாலும் ஏற்கவில்லை. சான்றிதழில் ஸ்ரீநாத்தின் இனிஷியல் இல்லாததால் அப்பா பெயரை விரித்து எழுதினேன். இனிஷியல் முன்னால்தானே வரும்? பழக்கத்தில் முதல் பெட்டியில் அப்பா பெயரையும் இரண்டாவதில் என் பெயரையும் போட்டுவிட்டேன்.

அந்தத் தளம் முதல் பெட்டியில் இருப்பவரைத்தான் கூப்பிடுகிறது, அக்கா. மறுநாள் காலை முதல் மின்னஞ்சல் வந்தது: 'வணக்கம் கன்னியப்பன்.' நாலு நாள் கழித்து: 'கன்னியப்பன், இந்த வாரம் ஒன்பது பேர் உங்களைத் தேடினார்கள்.'

ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழில் எழுதிப் பார்த்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் அவரை எத்தனை பேர் தேடினோம்? அம்மா, நான், நீ, உன் வீட்டுக்காரர். ஒன்பது கூட இல்லை.

கோமளா


புனே
10 மார்ச் 2025

அன்பான கோமளாவுக்கு,

கடவுள் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும். நாங்கள் நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்தேன். வேலை போனதற்காக அழவில்லை. நீ படித்தவள், இன்னொன்று கிடைக்கும். அந்தப் பெயரை முதலில் மாற்று. செத்துப்போனவரை எவனோ தினமும் கூப்பிட்டுக்கொண்டிருப்பது நல்லதற்கில்லை. மாற்ற முடியாதா? பிரசன்னாவிடம் கேட்டேன், யார் பெயர் என்று சொல்லாமல். ரெண்டு நிமிஷ வேலைம்மா என்கிறான்.

ஸ்ரீநாத்திடம் சொல்லிவிட்டாயா? கத்துகிற ஆள் இல்லையே அவர். ரோஷினிக்குக் கல்லூரியில் இது இரண்டாம் வருஷமல்லவா, அவளுக்கும் புரியும் வயதுதான்.

வெயில் ஏறுகிறது. மோர் குடி.

சரசா


அம்பத்தூர்
24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது, நலம். மோர் குடிக்கிறேன்.

பக்கம் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீநாத்தின் அண்ணன் மகன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்களை வெட்டிவிட்டுப் போட்டேன். ஒரு தோளில் யாருடைய கையோ மிச்சமிருந்தது. பிறகு பூந்தமல்லியில் ஒரு ஸ்டுடியோவில் புதிதாக எடுத்தேன். ஸ்டுடியோக்காரப் பெண், "பாஸ்போர்ட்டுக்கா மேடம்? அப்ப சிரிக்கக்கூடாது" என்றாள். வேலைக்கு என்றேன். "அப்ப சிரிங்க" என்றாள்.

'உங்களைப் பற்றி' என்று ஒரு இடம். மூன்று வாரமாக அதை எழுதி அழிக்கிறேன். மற்றவர்கள் பக்கங்களைப் பார்த்தால் எல்லோரும் எதையாவது வழிநடத்தியிருக்கிறார்கள், மாற்றிக்காட்டியிருக்கிறார்கள். நான் பத்தொன்பது வருஷம் ஒவ்வொரு பெட்டியோடும் போகிற தரச்சான்றைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். தப்பாகப் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நடக்காத விஷயத்தைச் சாதனை என்று எப்படி எழுதுவது?

வேலை தேடுகிறேன் என்று அறிவிக்கப் போட்டோவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் போட்டுக்கொள்ளலாம். போட்டால் அதிகம் பேர் கூப்பிடுவார்களாம். போடவில்லை. ஸ்ரீநாத்தின் ஆபீஸில் பாதிப் பேர் அந்தத் தளத்தில்தான் இருக்கிறார்கள்.

பெயரை மாற்றவில்லை. இரண்டு தடவை அந்த இடம் வரை போய்த் திரும்பினேன். அறுபத்திரண்டு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், எல்லா மறுப்பும் அவர் பெயருக்குத்தான் வருகிறது. 'அன்புள்ள கன்னியப்பன், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம்.' வேலை இல்லாத அந்த அஞ்சு மாசம் அவர் போய் நின்ற இடங்களில் இதை யாரும் மரியாதையாகச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று தோன்றுகிறது.

ஒன்று கேட்கவேண்டும். அப்பாவின் கம்பெனி மார்ச்சிலேயே மூடிவிட்டது, அவர் ஆகஸ்ட் வரை தினமும் நீலச்சட்டை போட்டு டிபன் பாக்ஸோடு நம் கோவில்பதாகை வீட்டிலிருந்து கிளம்பினார் என்பது அம்மாவுக்கும் எனக்கும் அவர் போன பிறகுதான் தெரியும். தண்டவாளத்தைத் தாண்டும்போது அடிபட்டார் என்றார்கள். தெரியாமல் தாண்டினாரா என்று நாம் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. உனக்கு எப்போது தெரியும், அக்கா? வேலை இல்லாமல்தான் போய்வருகிறார் என்று?

கோமளா


புனே
8 ஏப்ரல் 2025

அன்பான கோமளாவுக்கு,

அனைவரும் நலம், உன் நலம் அறியக் காத்திருக்கிறேன்.

ஸ்டுடியோ போட்டோவில் எனக்கும் ஒன்று அனுப்பு. சிரித்ததை அனுப்பு. 'உங்களைப் பற்றி' இடத்தில் பெட்டி திரும்பி வந்ததில்லை என்றே எழுதேன், படிக்கிறவனுக்குப் புரியும். அறுபத்திரண்டு பெரிய எண்ணிக்கை இல்லை. பிரசன்னா புனே வருவதற்குமுன் நூறுக்கு மேல் போட்டான்.

மாவடு வாங்கிப் போட்டேன். இங்கே கிடைப்பது சின்னதாக இல்லை, மாங்காய் மாதிரியே இருக்கிறது. அகல்யா தொடவில்லை.

உன் உறைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். முதல் உறையைத் தவிர எல்லாவற்றிலும் அம்பத்தூர் தபால் முத்திரை. தேதிக்கு மேலேயும் அம்பத்தூர் என்றுதான் எழுதுகிறாய். வீடு காட்டுப்பாக்கம். உன் பிரிவை மூடிவிட்டார்கள். அம்பத்தூரில் உனக்கு என்ன வேலை?

ஸ்ரீநாத்திடம் சொல்லிவிட்டாயா என்று போன தடவையும் கேட்டிருந்தேன்.

சரசா


அம்பத்தூர் ரயில் நிலையம்
22 ஏப்ரல் 2025
(அனுப்பாதது)

அக்கா,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

ஆமாம், சொல்லவில்லை. ஜனவரி முதல் எட்டு மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறேன். நூலகம் திறக்கும்வரை பிளாட்பாரப் பெஞ்ச். பிறகு நூலகத்தில் லேப்டாப். பசித்தால் மறுபடி பெஞ்ச். ரோஷினிதான் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுக்கிறாள். முதல் நாள் ஆபீஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது, அன்று ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

போன புதன்கிழமை என் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. வேலைக்கானது என்று நினைத்துத் திறந்தேன். 'நீங்கள் டூல் ரூம் கன்னியப்பன் மகளா?' அவ்வளவுதான். அனுப்பியவர் பெயர் வேம்புலி. இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டின் பின்பக்கச் சந்தில் சின்னதாக, இரும்பு அச்சு செய்கிற டை பட்டறை வைத்திருக்கிறார். கம்பெனி டூல் ரூமில் அப்பாவிடம் தொழில் கற்றவராம். பட்டறைக்கு இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்று யாரோ சொல்ல, அதைத் திறந்ததும் தெரிந்த பெயர்களைத் தேடினாராம். இல்லாத ஆள் பெயரை எதற்குத் தேடினீர்கள் என்று கேட்டேன். "சொம்மா தேடிப் பாத்தேன்மா. வந்துட்ச்சு." என்றார்.

நேரில் போனேன். டீ வாங்கித் தந்தார். கடைசி நாள் காலையில் அப்பா அவரைப் பார்க்கப் போயிருக்கிறார். வேம்புலி அப்போது வேறொருவர் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். வேலை கேட்டிருக்கிறார் அப்பா. 'ஓனர் ஊர்ல இல்ல நைனா, திங்கக்கிழமை வா' என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்பா உடனே போகவில்லை. பிறகு சொன்னாராம். வேம்புலி அதை இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் ஒரு எழுத்து மாறவில்லை.

"பெருசு பாத்துட்ச்சு வேம்புலி. எதிர் பிளாட்பாரத்துல. வரும்னு குந்திகினு இருந்தேன். வர்ல."

உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக உனக்குத் தெரியும். நான் நேராகக் கேட்டதற்கு மாவடு போட்டேன் என்று எழுதுகிறாய்.

அவர் எந்தப் பெஞ்சில் இருந்தார்? இதுவா? நான் எப்போதும் எதிர்ப்பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறேன். ஏனென்று இப்போதுதான் யோசிக்கிறேன்.


புனே
20 மே 2025

என் கோமளாவுக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது, உன் கடிதம் இல்லை. போனில் செய்தி அனுப்பினால் 'நலம்' என்று மூன்று எழுத்து. அகல்யா அதை உரக்க வாசிக்கிறாள். எனக்கு நன்றாகக் கேட்கிறது. அது நலம் இல்லை.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவர் போவதற்கு மூன்று நாள் முன்னால் எனக்குத் தெரியும்.

பிரசன்னாவுக்குக் காய்ச்சல். அம்பத்தூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்போதைய கொரட்டூர் வீட்டுக்குத் திரும்ப ரயிலுக்கு நின்றேன். பகல் பதினொரு மணி இருக்கும். எதிர் பிளாட்பாரத்தில், நீலச்சட்டையில், டிபன் பாக்ஸைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். ஷிப்டு நேரம். சாப்பிடவில்லை, வெறுமனே வைத்திருந்தார். தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று நான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பார்த்தார்.

இடுப்பில் இருந்த பிரசன்னா 'தாத்தா' என்று கூப்பிட வாயைத் திறந்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன், கோமளா. நான் பார்த்தது தெரிந்தால் குன்றிப்போவார் என்று நினைத்தேன். ரயில் நடுவில் வந்தது. ஏறிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடமும் இல்லை. மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் நாலு நிமிஷம். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் படிகளை நான் எத்தனை தடவை ஏறியிருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

இப்போது உனக்குச் சொல்லவேண்டியது. உன் உறைகளின் முத்திரையைப் பார்த்துவிட்டேன். நீ எங்கே உட்கார்ந்து எழுதுகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. மடியில் டிபன் பாக்ஸ் இருப்பதும் தெரிகிறது. பார்க்காத மாதிரி இன்னொரு தடவை ரயில் ஏற என்னால் முடியாது. நான் உன்னைப் பார்த்துவிட்டேன். எழுந்திரு. வீட்டுக்குப் போ. இன்றைக்கே ஸ்ரீநாத்திடம் சொல்.

என்னைத் திட்டவேண்டுமானால் பிறகு திட்டு. எழுதித் திட்டு.

அக்கா


காட்டுப்பாக்கம்
16 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் நலம். நானும்.

உன் கடிதம் வந்த சனிக்கிழமையே சொன்னேன். ஸ்ரீநாத் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மார்ச்லேர்ந்து தெரியும். உங்க ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன், எடுக்கல. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். இந்த வீட்டிலும் எதிர் பிளாட்பாரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார். ரோஷினிதான் இரண்டு நாளாக, "தினம் டப்பா கட்டிக் குடுத்தேனேம்மா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே என் போட்டோவுக்குப் பச்சை வளையம் போட்டுவிட்டாள்.

உன்னைத் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. நான் ஏப்ரலிலேயே உனக்குச் சொல்லியிருக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பாவிடம் தொழில் கற்ற வேம்புலி என்பவர் என் பக்கத்தில் அவர் பெயரைப் பார்த்து என்னைத் தேடி எழுதினார். எஸ்டேட்டில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். கடைசி நாள் காலை அப்பா அவரைப் போய்ப் பார்த்தாராம். நல்ல மனநிலையில்தான் இருந்தாராம். 'என் பெரிய பொண்ணு என்னைப் பார்த்துட்டா, வேம்புலி. அதுவும் நல்லதுக்குத்தான். மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சு. இன்னிக்கு ஊட்ல எல்லாத்தையும் சொல்லிட்டு திங்கக்கிழமை உன்கிட்ட வேலைக்கு வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாராம். அவசரத்தில்தான் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கவேண்டும். நீ பார்த்தது அவருக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்திருக்கிறது. அதனால் இனி நீ அந்த மேம்பாலத்தில் ஏறவேண்டாம்.

இன்னொன்று. வேம்புலியின் பட்டறைக்குப் பெரிய கம்பெனிகளின் ஆர்டர் வருகிறது, தரச்சான்று எழுத ஆள் இல்லை. "பெட்டி திரும்பி வராத ஆளு வேணும்மா" என்றார். என் பக்கத்தில் நீ சொன்னபடியே எழுதியிருந்தேன், அதைப் படித்திருக்கிறார். நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பரிதாபத்துக்கு வேலையா என்று ஒரு வாரம் இழுத்தேன். போன திங்கட்கிழமை சேர்ந்தேன். பழைய சம்பளம் இல்லை. லேத் சத்தம் ஜாஸ்தி; நீ இருந்தால் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாய்.

சேர்ந்த விவரத்தை என் பக்கத்தில் போட்டேன். மறுநாள் காலை எஸ்டேட் பஸ்ஸில் போகும்போது மின்னஞ்சல் வந்தது:

'வாழ்த்துகள், கன்னியப்பன். உங்களுக்குப் புதிய வேலை கிடைத்திருக்கிறது.'

நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

முதல் சம்பளம் வந்ததும் பெயரை மாற்றிவிடுகிறேன்.

என்றும் உன்
கோமளா


புனே
27 ஜூன் 2025

அன்பான கோமளாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றைக்கு இங்கே நல்ல மழை. பால்கனியில் உட்கார்ந்து படித்தேன், மெஷினைக் கழற்றிவிட்டு.

ஸ்ரீநாத்துக்கு என் ஆசியைச் சொல். ரோஷினிக்கு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி அனுப்புகிறேன், புதிதாக இருக்கட்டும். பழையதைத் தூக்கிப் போடு.

வேம்புலி சொன்னதை இரண்டு தடவை படித்தேன். அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. 'பெரிய பொண்ணு' என்றும் அவர் என்னைச் சொன்னதில்லை.

அவர் நிஜமாக என்ன சொன்னார் என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன். நீயும் சொல்லாதே. நீ எழுதினபடியே அதைப் பெட்டியில் அவர் அட்டையோடு வைத்திருக்கிறேன்.

பெயரை மாற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய். வேலை கிடைத்தது என்று வந்ததே, அதை அச்சடித்துத் தபாலில் அனுப்பு. அவர் பெயருக்கு வந்தது. ஒரு தடவை நான் அதை உரக்க வாசிக்கவேண்டும்.

அக்கா
சரசா